ஜர்னல் ஸ்கொயர் தியேட்டரில் என் சனிக்கிழமைகள்

2011 பிப்ரவரியில், முழங்கால் அளவு பனிக்குள் ரெண்டு பெட்டியோடு ஜெர்சி சிட்டியில் வந்து இறங்கினேன். நியூஆர்க் அவென்யூவை ஒட்டிய தெருவில் ஒரு பழைய செங்கல் கட்டடம். நாலாவது மாடியில் ஒரு படுக்கையறை வீடு. லிஃப்ட் தனக்குத் தோன்றினால் ஓடும். வீடு பிடித்துக் கொடுத்த நண்பன் மூன்று காரணம் சொன்னான். மன்ஹாட்டனுக்குப் போகிற பாத் ரயில் நடந்துபோகும் தூரம், படியிறங்கினால் தோசை, வாடகை 1,150 டாலர். மூன்றும் உண்மைதான். ஜர்னல் ஸ்கொயர் ஸ்டேஷனுக்கு எதிரே கென்னடி புலவார்டைத் தாண்டினால் ஒரு தியேட்டர் நிற்கிறது என்பதை மட்டும் அவன் சொல்லவில்லை. அவன் அதைப் பார்த்ததே இல்லை என்று பிறகு தெரிந்தது. மூன்று வருடமாகத் தினமும் அதன் எதிரில்தான் ரயில் ஏறிக்கொண்டிருந்தான்.

லோஸ் ஜெர்சி தியேட்டர். ஆங்கில எழுத்துகளைப் பார்த்துப் படித்தால் வேறு என்னென்னவோ வரும். ஊர்ப் பெரியவர்கள் சிலர் 'லோயீஸ்' என்று இழுப்பார்கள். முகப்பு முழுக்க சுடுமண் வேலைப்பாடு. உச்சியில் ஒரு கடிகாரம். அதற்கு மேலே குதிரையில் செயின்ட் ஜார்ஜ், காலடியில் டிராகன். ஒரு காலத்தில் கால் மணிக்கொரு தரம் டிராகனின் வாயில் சிவப்பு பல்பு எரியுமாம், ஜார்ஜ் முன்னால் சாய்ந்து ஈட்டியால் குத்துவாராம். நம் ஊர் அய்யனார் கோயில் குதிரையைப் பார்த்து வளர்ந்தவனுக்கு இது பெரிய ஆச்சரியமில்லை. ஆனால் அதை சினிமாக் கொட்டகை மேல் ஏற்றி வைத்திருந்ததுதான் எனக்குப் பிடித்தது.

மதுரைக்காரன் நான். தங்கம் தியேட்டர் ஆசியாவிலேயே பெரியது என்று சொல்லிச் சொல்லி வளர்த்தவர் என் அப்பா. 1952-இல் 'பராசக்தி'யோடு திறந்த தியேட்டர். நான் கல்லூரி முடிப்பதற்குள் அது பூட்டிக் கிடந்தது. அப்புறம் இடித்தார்கள். இன்றைக்கு அந்த இடத்தில் ஜவுளிக்கடை. இடித்தபோது ஊரில் யாரும் பெரிதாகச் சத்தம் போட்டதாக நினைவில்லை. நானும் போடவில்லை. இங்கே வந்து அதே மாதிரி ஒன்று நிற்பதைப் பார்த்ததும், இதை ஏன் இன்னும் இடிக்கவில்லை என்பதுதான் என் முதல் கேள்வி.

அதற்குப் பதில் ஒரு சனிக்கிழமை மதியம் கிடைத்தது. கதவு திறந்திருந்தது. உள்ளே நாலைந்து பேர் பழைய உடையில், முகமூடியோடு, எதையோ சுரண்டிக்கொண்டிருந்தார்கள். எட்டிப் பார்த்தேன். எழுபது வயதிருக்கும் ஒருவர், "சும்மா நிக்கறதுக்கு இந்தக் கத்தியைப் பிடி" என்கிற மாதிரி பழைய பூச்சைச் சுரண்டும் ஒரு தட்டைக் கத்தியைக் கையில் கொடுத்துவிட்டார். அதன்பிறகு எட்டு வருடம், ஊரில் இருந்த சனிக்கிழமைகளில் பாதி அங்கேதான் கழிந்தது.

இடிக்காமல் தப்பிய கதை

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1929 செப்டம்பர் 28-ஆம் தேதி திறப்பு விழா. ஒரு மாதத்தில் வால் ஸ்ட்ரீட் சரிந்தது. அதாவது பணம் தண்ணீராய் ஓடிய காலத்தின் கடைசி மாதத்தில் கட்டி முடித்த கட்டடம் இது. வடிவமைத்தவர்கள் சிகாகோவின் ராப் அண்ட் ராப். நியூயார்க்கைச் சுற்றி லோஸ் கம்பெனி 'வொண்டர் தியேட்டர்' என்று ஐந்து கட்டியது. பிராங்க்ஸ், குயின்ஸ், புரூக்ளின், மன்ஹாட்டன், பிறகு ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஜெர்சி சிட்டி. இங்கே மூவாயிரத்துக்கு மேல் இருக்கை. 1974-இல் அந்த ஒரே மண்டபத்தைச் சுவர் வைத்து மூன்று திரையாக வெட்டினார்கள். 1986 ஆகஸ்டில் ஒரு பேய்ப்படத்தோடு மூடிவிட்டார்கள்.

வாங்கிய கம்பெனி இடித்துவிட்டு அலுவலகக் கட்டடம் எழுப்பத் திட்டம் போட்டது. ஊர்க்காரர்கள் கையெழுத்து வாங்கினார்கள், கூட்டம் கூட்டமாகப் போய்ப் பேசினார்கள். ஏழு வருடம் இழுத்தது. 1993-இல் நகராட்சியே வாங்கியது. வாங்கிவிட்டதே தவிர, சீர்செய்யக் கையில் காசில்லை. 'லோஸின் நண்பர்கள்' என்ற தன்னார்வ அமைப்பு உள்ளே போய், குறுக்குச் சுவர்களை எடுத்து, ஹீட்டிங்கைச் சரிசெய்து, மின்சாரத்தை இழுத்து, கொஞ்சம் கொஞ்சமாகப் படம் காட்டும் அளவுக்குக் கொண்டுவந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது கீழ்த்தளத்தில் பழைய படங்களை அசல் பிலிமிலேயே, ஐம்பது அடி அகலத் திரையில் காட்டிக்கொண்டிருந்தார்கள். ஏசி கிடையாது. அதனால் குளிர்ந்த மாதங்களில்தான் படம். பால்கனிக்குப் பொதுமக்களை விட அனுமதி இல்லை.

இந்தத் தியேட்டர் மூடிய அதே காலத்தில் இந்தப் பேட்டை எப்படி இருந்தது என்பதை நம் ஆட்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 1987-இல் இந்தியர்களை ஊரைவிட்டு விரட்டுவோம் என்று 'டாட்பஸ்டர்ஸ்' என்ற பெயரில் ஒரு மிரட்டல் கடிதம் பத்திரிகையில் வந்தது. நெற்றிப் பொட்டைக் கேலி செய்யும் பெயர். கடிதத்தை வெளியிட்டது 'ஜெர்சி ஜர்னல்'. எந்தப் பத்திரிகையின் பெயரால் இந்தச் சதுக்கம் ஜர்னல் ஸ்கொயர் ஆனதோ, அதே பத்திரிகை. அடிதடி நடந்தது, உயிரும் போனது. அப்படியும் நியூஆர்க் அவென்யூவில் ஷட்டரைத் திறந்தே வைத்திருந்தவர்கள் குஜராத்தி, தெலுங்கு, தமிழ்க் கடைக்காரர்கள். ஒரு பக்கம் தியேட்டரைத் திறந்து வைத்திருந்த கிழவர்கள், இன்னொரு பக்கம் மளிகையைத் திறந்து வைத்திருந்த நம்மவர்கள். இந்த இரண்டு கூட்டமும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டதே இல்லை என்பது எனக்கு இன்றுவரை ஆறாத வருத்தம்.

கை வேலையில் கற்றது

முதல் ஆறு மாதம் எனக்குக் கொடுத்த வேலை நாற்காலி. ஒவ்வொன்றையும் தரையிலிருந்து கழற்றி, திருகாணிகளைத் தனி டப்பாவில் போட்டு, எண் எழுதி, அடியைத் திருப்பிப் பார்த்தால் சூயிங்கம். ஐம்பது அறுபது வருடச் சூயிங்கம். கல்லாக இறுகி, ஒன்றன்மேல் ஒன்றாகத் தேன்கூடு மாதிரி. சூடாக்கினால் இளகி மணம் வரும், அந்த மணத்தை விவரிக்க வேண்டாம். சுரண்டி எடுத்த பிறகு அடியில் இரும்பு வார்ப்பில் ஒரு பூ வேலைப்பாடு தெரியும். யார் கண்ணிலும் படாத இடத்தில் எதற்கு இவ்வளவு மெனக்கெட்டான் என்று தோன்றும்.

பிறகு பிளாஸ்டர் பக்கம் அனுப்பினார்கள். இங்கேதான் எனக்கு உண்மையான பாடம். அந்தக் கூரை, வளைவு, தூண் உச்சி எல்லாம் கல் என்று நினைத்திருந்தேன். கல் இல்லை. பெரும்பாலும் அச்சில் வார்த்த பிளாஸ்டர், சணல் நார் கலந்தது, மேலே இரும்புச் சட்டத்தில் கம்பியால் தொங்குகிறது. பளிங்குத் தூண் என்று நான் தடவிப் பார்த்ததும் பளிங்கில்லை. வண்ணம் கலந்த சாந்தைப் பூசி மெருகேற்றியது. மொத்த அரண்மனையும் தொங்கும் வேஷம். கூரையில் ஒரு சின்ன ஓட்டை விழுந்து தண்ணீர் இறங்கினால் முதலில் கம்பி துருப்பிடிக்கும், அப்புறம் பிளாஸ்டர் ஊறிக் கனக்கும், ஒரு நாள் மொத்தமாக வந்து விழும். கீழே நிற்கிறவனுக்கு முன்னறிவிப்பு கிடையாது.

அதனால் பழைய கட்டடத்தைக் காப்பாற்ற யாராவது கிளம்பினால் நான் முதலில் கேட்பது மேல்கூரையும் மழைநீர்க் குழாயும் எப்படி இருக்கின்றன என்று. ஊரில் பலரும் முதல் காசைக் கையில் வாங்கியதும் முகப்புக்குப் பெயின்ட் அடித்துப் படம் எடுத்துப் போடுவார்கள். நன்கொடை கேட்க அது உதவும்தான். ஆனால் லோஸில் வேலை நடந்த வரிசை வேறு. தண்ணீர் உள்ளே வராமல் இருக்க வேண்டும், குளிர்காலத்தில் குழாய் உறைந்து வெடிக்காமல் சூடு ஓட வேண்டும், மின்சாரம் தீப்பிடிக்காமல் இருக்க வேண்டும், கழிப்பறை இருக்க வேண்டும். தங்க முலாம் கடைசி. வந்தவர்களில் பாதிப் பேர் தங்க முலாம் பூசத்தான் ஆசைப்பட்டார்கள். கழிப்பறைக் குழாய்க்கு ஆள் கேட்டால் நாலு பேர் காலணிக் கயிறு கட்டக் குனிவார்கள். நானும் ஒரு தரம் குனிந்திருக்கிறேன்.

ஒரு விபத்தையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 2013 என்று நினைக்கிறேன். ஏணியைத் திருப்பும்போது பின்னால் பார்க்கவில்லை. லாபியில் ஒரு தூண் உச்சியில் இருந்த இலை ஒன்று, உள்ளங்கை அகலம், பட்டென்று உடைந்து காலடியில் விழுந்தது. எண்பத்து நாலு வருடம் நின்ற இலை. எனக்கு வாய் உலர்ந்துவிட்டது. முதல் நாள் கத்தி கொடுத்த பெரியவர் வந்து பார்த்தார். திட்டவில்லை. "இதே இலை இங்கே எத்தனை இருக்கிறது என்று எண்ணு" என்றார். எண்ணினேன், நாற்பதுக்கு மேல் போனது. "அச்சு எடுக்க ஒரு நல்ல இலை போதும். மற்றதெல்லாம் அதன் பிள்ளைகள்." நல்ல இலை ஒன்றின் மேல் ரப்பர் பூசி, காயவிட்டு உரித்து, அந்த அச்சில் பிளாஸ்டர் ஊற்றிக் காட்டினார். முதல் மூன்றும் எனக்குக் குமிழியோடு வந்தன. கலவையை வேகமாகக் கிண்டியதால் காற்று உள்ளே போய்விட்டது. தோசை மாவு கரைக்கிற மாதிரி நிதானமாகக் கிண்ட வேண்டும் என்று நானே கண்டுபிடித்துக்கொண்டேன். நாலாவது இலை இன்றும் அங்கே இருக்கும். உடைந்த துண்டை என்னையே வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். வீட்டு டிராயரில், திருகாணிகளோடு கிடக்கிறது.

இன்னொன்று, இது குடும்பஸ்தர்களுக்கு. அந்தக் காலத்துப் பெயின்டில் ஈயம் இருக்கும் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். உலர்ந்த பெயின்டைச் சுரண்டினால் தூள் பறக்கும், உடையில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு வரும், தரையில் தவழும் குழந்தையின் கைக்குப் போகும். மனைவி கர்ப்பமாக இருந்தபோது ஒரு நாள் அவள் என் சட்டையை உதறிவிட்டு, "இந்த வெள்ளைத் தூள் என்னங்க?" என்று கேட்டாள். அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. பெயின்ட் வேலையை அன்றோடு விட்டுவிட்டு நாற்காலிக்கே திரும்பினேன். செய்தே ஆக வேண்டுமென்றால் தண்ணீர் தெளித்து ஈரத்தில் சுரண்டுங்கள், துணிமுகமூடி போதாது, உடையை அங்கேயே மாற்றுங்கள், தனியாகத் துவையுங்கள். குழாய்களில் வெள்ளையாகச் சுற்றியிருக்கும் பழைய உறையை விரலால்கூடத் தொடாதீர்கள். அது ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம். உரிமம் வாங்கியவர்கள் செய்ய வேண்டிய வேலை அது.

தன்னார்வலர்களால் முடியாதது எது என்பதும் அந்த எட்டு வருடத்தில் விளங்கியது. பால்கனியைத் திறக்கத் தீயணைப்பு விதிகளுக்கு ஏற்ற ஏற்பாடு வேண்டும், ஏசி வேண்டும், ஊன்றுகோலோடு வருகிறவருக்கும் சக்கர நாற்காலிக்கும் வழி வேண்டும். இதையெல்லாம் சனிக்கிழமை ஆட்களை வைத்துச் செய்ய முடியாது. கோடிக்கணக்கில் பணம் வேண்டும். புரூக்ளினில் இதன் உடன்பிறப்பான கிங்ஸ் தியேட்டரை 2015-இல் திறந்தபோது 95 மில்லியன் டாலர் ஆனது. போய்ப் பார்த்தேன், கண்கூசியது. எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது. ஆனால் அது 1977-இல் மூடிய பிறகு முப்பத்தெட்டு வருடம் இருட்டில் கிடந்தது. எங்களுடையது அரைகுறையாக இருந்தாலும் நடுவில் விளக்கு எரிந்தது. விளக்கு எரிகிற கட்டடத்தை இடிக்க எந்த மேயருக்கும் கொஞ்சம் தயக்கம் இருக்கும்.

தியேட்டர் யார் கையில் என்பதில் ஒரு கட்டத்தில் நகராட்சிக்கும் நண்பர்கள் அமைப்புக்கும் வழக்கே வந்தது. அதில் நான் பக்கம் சேரப்போவதில்லை. ஊரில் ஒரு சங்கமோ சபாவோ பழைய மண்டபத்தைப் பராமரிக்க முன்வந்தால், வேலையைத் தொடங்கும் முன் குத்தகைப் பத்திரத்தைப் பாருங்கள். எத்தனை வருடம், புதுப்பிக்கும் உரிமை யாருக்கு, நாம் போட்ட சாமான் யாருக்குச் சொந்தம். அன்பில் ஆரம்பிக்கிற வேலையில் இதைக் கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும்.

கோபுரங்கள் வந்தபோது

ஜர்னல் ஸ்கொயரின் மறுசீரமைப்புத் திட்டத்தை, 'ஜர்னல் ஸ்கொயர் 2060' என்று பெயர், நகர சபை 2010-இலேயே நிறைவேற்றியிருந்தது. அதாவது நான் வருவதற்கு முன்பே இந்தப் பேட்டையின் தலையெழுத்து எழுதியாகிவிட்டது. ஸ்டேஷனை ஒட்டி உயரமாகக் கட்டலாம், கீழே கடைகள், மேலே வீடுகள். 2017-இல் 53 மாடிக் கோபுரம் ஒன்றில் குடியேறத் தொடங்கினார்கள். அப்புறம் அதன் பக்கத்திலேயே எழுபது மாடியளவில் இன்னொன்று. தியேட்டருக்குப் பக்கத்தில் அறுபத்து நாலு மாடியில் இரட்டைக் கோபுரம். வாடகை விளம்பரங்களில் எங்கள் தியேட்டரின் படத்தைப் போட்டார்கள். நான் சூயிங்கம் சுரண்டிய தியேட்டர், யாரோ 3,000 டாலர் வாடகை கேட்பதற்கு அலங்காரமாகப் போய்விட்டது. சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

கோபுரத்தையே எதிர்க்கிறவன் இல்லை நான். ஸ்டேஷன் வாசலில் வீடு கட்டாமல் வேறு எங்கே கட்டுவது? ஆனால் அங்கே ஏற்கெனவே குடியிருப்பவர்களுக்கு விவரம் தெரிந்திருக்க வேண்டும். எனக்குத் தெரிந்திருக்கவில்லை. செய்த தவறுகளைச் சொல்கிறேன்.

முதல் தவறு, திட்டக் குழுக் கூட்டத்தில் போய் உயரத்தைப் பற்றிப் பேசியது. ராத்திரி ஒன்பதரை வரை காத்திருந்து, எழுதி வைத்த தாளைப் பார்த்து, நிழல் விழும், காற்று வராது என்றெல்லாம் பேசினேன். மரியாதையாகக் கேட்டார்கள். மரியாதையாக அனுமதி கொடுத்தார்கள். பிறகுதான் ஒரு வக்கீல் விளக்கினார். நகர சபை மறுசீரமைப்புத் திட்டத்தை ஏற்றுக்கொண்ட பிறகு, திட்டக் குழு பார்ப்பது விண்ணப்பம் அந்தத் திட்டத்துக்குள் அடங்குகிறதா என்பதை மட்டும்தான். உயரம் பற்றிப் பேச வேண்டிய இடம் திட்டமே எழுதப்படும்போதும் திருத்தப்படும்போதும் நகர சபையில். திட்டக் குழுவில் கேட்டால் பலிப்பவை வேறு: குப்பை லாரி எந்த வாசலில் நிற்கும், நடைபாதை எவ்வளவு அகலம், கட்டும்போது எத்தனை மணிக்குத் துளைக்கலாம். இதைக் கேட்டவர்களுக்குப் பதில் கிடைத்தது. நிழலைப் பற்றிப் பேசிய எனக்கு ஒரு புன்னகை கிடைத்தது.

இரண்டாவது, அறிவிப்பு வரும் என்று காத்திருந்தது. நியூ ஜெர்சி சட்டப்படி, விண்ணப்பிப்பவர் 200 அடிக்குள் இருக்கும் சொத்து உரிமையாளர்களுக்குக் குறைந்தது பத்து நாள் முன்பே அறிவிப்பு அனுப்ப வேண்டும். உரிமையாளர்களுக்கு. வாடகைக்காரர்களுக்கு இல்லை. எங்கள் வீட்டுக்காரருக்குப் போன கடிதம் என் கண்ணில் எப்படிப் படும்? நகராட்சியின் கூட்ட நிரலை மாதம் ஒரு தரம் நாமே எடுத்துப் பார்ப்பதுதான் வழி. பத்து நிமிட வேலை.

மூன்றாவது தவறு சின்னது. பக்கத்தில் அஸ்திவாரம் தோண்டினார்கள். இந்த மேட்டுக்குக் கீழே கருங்கல் பாறை, பல்லைக் கூசவைக்கும் சத்தத்தோடு மாதக்கணக்கில் துளைத்தார்கள். என் சமையலறைச் சுவரில் ஒரு விரிசல் ஓடியது. புகார் செய்தேன். "முன்பே இருந்ததோ என்னவோ" என்றார்கள். இல்லை என்று காட்ட என்னிடம் ஒன்றும் இல்லை. பக்கத்து மனையில் இயந்திரம் வந்து இறங்கும் அன்றே வீட்டின் எல்லாச் சுவரையும் தேதியோடு படமெடுத்துவிடுங்கள்.

இன்னொரு சொல் காதில் விழும்: 'பைலட்'. விமானம் ஓட்டுகிறவர் இல்லை. சொத்து வரிக்குப் பதிலாகக் கட்டுநர் நகராட்சிக்குக் கட்டும் ஒப்பந்தத் தொகை. நீண்டகால ஒப்பந்தம் முப்பது வருடம் வரைகூடப் போகும். அந்தத் தொகையில் 95 சதவீதம் நகராட்சிக்கு, 5 சதவீதம் கவுன்டிக்கு, அதாவது மாவட்ட நிர்வாகத்துக்கு. வழக்கமான சொத்து வரியில் பள்ளிக்கூடத்துக்குப் போகும் பங்கு இதில் தானாகப் போகாது. நம் ஆட்கள் வீடு தேடும்போது முதலில் கேட்பது பள்ளிக்கூட ரேட்டிங். இதையும் கேளுங்கள்.

காலி செய்யச் சொன்ன கடிதம்

2019 கோடையில் எங்கள் கட்டடம் கைமாறியது. வாங்கியவர்கள் பக்கத்து ரெண்டு மனையையும் சேர்த்து வாங்கியிருந்தார்கள். விஷயம் புரிந்துவிட்டது. ஒரு மாதத்தில் கோட் போட்ட இளைஞர் ஒருவர் கதவைத் தட்டி, லீஸ் முடியும்போது கிளம்பினால் 4,000 டாலர் தருவதாகச் சொன்னார். எதிர் வீட்டுத் தெலுங்குப் பையன்கள் அடுத்த வாரமே வாங்கிக்கொண்டு போனார்கள். எனக்கும் கை நீட்டத்தான் தோன்றியது. விசாவில் இருக்கிறவனுக்குக் கோர்ட், நோட்டீஸ் என்றாலே வயிற்றைக் கலக்கும்.

மூன்றாவது மாடிக் குஜராத்திப் பாட்டிதான் தடுத்தாள். 1980-களிலிருந்து அங்கே இருப்பவள். "பேட்டா, லீஸ் முடிந்தால் போக வேண்டும் என்று உனக்கு யார் சொன்னது?" என்று கேட்டாள். நியூ ஜெர்சியில் 1974-இலிருந்து ஒரு சட்டம் இருக்கிறது. சட்டம் பட்டியலிட்ட காரணங்களில் ஒன்று இருந்தால் தவிர வாடகைக்காரரை வெளியேற்ற முடியாது. லீஸ் தேதி முடிந்தது என்பது அந்தப் பட்டியலிலேயே இல்லை. கட்டடத்தைக் குடியிருப்பிலிருந்தே நிரந்தரமாக எடுக்கப்போகிறார்கள் என்றால் பதினெட்டு மாத நோட்டீஸ் தர வேண்டும். வீட்டுக்காரர் தானும் குடியிருந்து ரெண்டு வீடு வரை மட்டும் வாடகைக்கு விட்டிருக்கும் சின்னக் கட்டடங்களுக்கு இது பொருந்தாது. எங்களுடையது அப்படி இல்லை. ஐந்து வீட்டுக்குக் குறையாத பழைய கட்டடம் என்பதால் ஜெர்சி சிட்டியின் வாடகைக் கட்டுப்பாடும் இருந்தது. வருடத்துக்கு நாலு சதவீதம் அல்லது விலைவாசி உயர்வு, எது குறைவோ அவ்வளவுதான் ஏற்றலாம். இது தெரியாமலே எட்டு வருடம் கேட்டதைக் கொடுத்திருக்கிறேன். புதிய கோபுரங்களுக்கு இந்தக் கட்டுப்பாட்டிலிருந்து முப்பது வருடம் வரை விலக்கு கிடைக்கும் என்பதையும் அங்கே குடியேறுமுன் தெரிந்துகொள்ளுங்கள். முதல் வருடம் ரெண்டு மாத வாடகை இலவசம் என்பார்கள். அந்த விலக்கு என்னவென்று ரெண்டாம் வருடம் வரும் கடிதத்தில் தெரியும்.

பாட்டியும் நானும் இன்னும் ஆறு குடும்பங்களும் சேர்ந்து சட்ட உதவி மையம் ஒன்றுக்குப் போனோம். எதையும் போனில் பேசாதீர்கள், எழுத்தில் கேளுங்கள் என்றார்கள். கேட்டோம். 4,000 டாலர் 9,000 ஆனது, அப்புறம் 16,000. நடுவில் கொரோனா வந்து எல்லாம் நின்றது. 2021 வசந்தத்தில் கையெழுத்திட்டு, பக்கத்து ஊரான பயோனில் வீடு பார்த்துப் போனோம். டெபாசிட் திரும்பவில்லை. முப்பது நாளுக்குள் தர வேண்டும், தவறாகப் பிடித்துவைத்தால் இரட்டிப்பாகக் கேட்கலாம் என்று சட்டத்தைக் குறிப்பிட்டு ஒரு பக்கக் கடிதம் எழுதினேன். நாலாவது நாள் காசோலை வந்தது. பாட்டி மட்டும் பணம் வாங்கவில்லை. நோட்டீஸ் காலம் முழுக்க இருந்துவிட்டு, கடைசி வாரம் மகன் வீட்டுக்குப் போனாள். என் விவரங்களை அப்படியே உங்களுக்குப் பொருத்தாதீர்கள். கட்டடத்துக்குக் கட்டடம் மாறும், வக்கீலைப் பார்த்துவிடுங்கள்.

எனக்கு அதிகம் வலித்தது வேறு கதை. பேட்டையில் மெஸ் நடத்திய நண்பர் ஒருவர், எங்கள் எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி, புதிய கோபுரம் ஒன்றின் கீழ்த்தளத்தில் கடை எடுக்க ஆசைப்பட்டார். மேலே ஐந்நூறு குடும்பம், கீழே இட்லி. கணக்கு சரியாகத்தான் இருந்தது. லீஸுக்கு முன்பணமும் பேசி முடித்துவிட்டார். சமையலறைக்கு வரைபடம் போட வந்தவர் கூரையைப் பார்த்துவிட்டுக் கேட்டார், "புகைக்குழாய் எங்கே போகும்?" எண்ணெய்ப் புகையை மேலே கொண்டுபோகும் குழாய்க்கு அந்தக் கட்டடத்தில் வழியே விடவில்லை. அறுபது மாடிக்கு இப்போது துளைக்கவும் முடியாது, பக்கவாட்டில் விட்டால் மேலே ஜன்னல்கள். எண்ணெய் பிரிக்கும் தொட்டிக்கும் இடமில்லை. கடை என்று அவர்கள் மனதில் வைத்துக் கட்டியது காபிக் கடை, நகப் பூச்சுக் கடை, ஜிம். தாளிப்பு அவர்கள் கணக்கிலேயே இல்லை. அண்ணாச்சி கடைசியில் எடிசன் என்ற ஊர்ப் பக்கம் போய்விட்டார். 'கீழே கடை, மேலே வீடு' என்று யாராவது உங்களிடம் படம் காட்டினால் புகைக்குழாய், எண்ணெய்த் தொட்டி, எரிவாயு அளவு, சரக்கு இறக்கும் வாசல், இந்த நாலையும் எழுத்தில் வாங்கிக்கொண்டு அப்புறம் விலை பேசுங்கள். திட்டக் குழுக் கூட்டத்தில் அன்று நான் நிழலை விட்டுவிட்டுப் புகைக்குழாயைக் கேட்டிருக்கலாம்.

இப்போது

2021-இல் தியேட்டரை முழுமையாகச் சீரமைக்க ஒப்பந்தம் அறிவித்தார்கள். நியூஆர்க்கில் பெரிய விளையாட்டரங்கை நடத்தும் நிறுவனம் நடத்துநர். 72 மில்லியன் டாலர் என்று தொடங்கியது, பிறகு நூறையும் தாண்டியது. 2025 என்ற திறப்பு தள்ளிப்போனது. பழைய கட்டடத்தில் சுவரைத் திறந்து பார்க்காமல் சொல்லும் எந்தத் தொகையையும் தேதியையும் நான் நம்புவதில்லை. கம்பி எவ்வளவு துருப்பிடித்திருக்கிறது என்று பிளாஸ்டரை உடைத்தால்தானே தெரியும்.

போன மாதம் அப்பாவிடம் போனில் இதைச் சொன்னேன்.

"ஏம்ப்பா, நீ சுரண்டுன சேரெல்லாம் வெச்சிருக்காய்ங்களா, தூக்கிட்டாய்ங்களா?"

"தெரியலப்பா. உள்ள விடமாட்டேங்குறாங்க."

"பால்கனி?"

"இந்தத் தடவை பால்கனியையும் திறக்கிறாங்களாம்."

எட்டு வருடத்தில் ஒரு படம்கூட நான் பால்கனியில் உட்கார்ந்து பார்த்ததில்லை. அப்பாவுக்குத் தங்கத்தில் பால்கனி டிக்கெட் எடுக்க ஒருநாளும் கட்டுப்படியானதில்லை. கீழே பெஞ்சில்தான். விசா கிடைத்தால் அடுத்த வருடம் வருகிறார். எவ்வளவு விலை வைத்தாலும் பால்கனிக்கு ரெண்டு டிக்கெட் எடுப்பதாக இருக்கிறேன். படி ஏற அவருக்கு முட்டி வலிக்கும், லிஃப்ட் போட்டிருக்கிறார்களா என்று மட்டும் விசாரிக்க வேண்டும்.